ஈர மண்ணுக்குப் பச்சோந்திச் செடி: நடுவது முதல் அடக்கி வைப்பது வரை

பல தோட்டங்களில் இப்படி ஒரு மூலை இருக்கும். குழாயடியாக இருக்கலாம், கூரைத் தண்ணீர் வந்து விழும் இடமாக இருக்கலாம், குளத்துக் கரையாகவோ சரிவின் அடிவாரமாகவோ இருக்கலாம். மற்ற இடமெல்லாம் காய்ந்து வெடித்துக் கிடக்கும்போதும் அங்கே மட்டும் மண் கையில் பிசுபிசுவென்று ஒட்டும். ரோஜா வைத்தால் வேர் அழுகும். வேறெதை வைத்தாலும் ஒரு நல்ல மழையோடு போய்விடும். கடைசியில் பாசியும் கோரையும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

அந்த மூலைக்கென்றே பிறந்த செடி ஒன்று உண்டு. தாவரவியலில் ஹூட்டுனியா கார்டேட்டா என்பார்கள். அதில் பலவண்ண இலை கொண்ட ரகத்துக்குக் 'கமீலியான்' என்று பெயர், அதாவது பச்சோந்தி. ஒரே இலையில் பச்சையும் வெண்மஞ்சளும் சிவப்பும் திட்டுத் திட்டாக இருக்கும். வெயில் கூடினால் விளிம்பில் செம்பு நிறமும் ஏறும். ஒருமுறை நட்டால் ஆண்டுக்கணக்கில் இருக்கும் பல்லாண்டுச் செடி. குளிர்காலத்தில் வெப்பம் மைனஸ் 15 டிகிரிக்கு இறங்கினாலும் நிலத்துக்கடியில் உயிரோடு இருந்து மறுபடி துளிர்க்கும்.

உண்மையைச் சொன்னால், இதை வளர்க்க வழிகாட்டியே தேவையில்லை. ஈர மண்ணில் ஒரு விரல் நீள வேர்த்துண்டைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாலும் வளர்ந்துவிடும். இலையில் நிறம் மங்காமல் பார்ப்பதற்கும், செடி தோட்டத்தையே விழுங்காமல் பார்ப்பதற்கும்தான் வழி தெரிந்திருக்க வேண்டும். இரண்டாவதுதான் பெரிய வேலை. அதனால் குழி தோண்டுவதற்கு முன்பே வேலியைப் பற்றி யோசித்துவிட வேண்டும். நான் அதைத் தலைகீழாகச் செய்தவன். அந்தக் கதை கடைசியில் வரும்.

செடியோடு கொஞ்சம் பழகிக்கொள்வோம்

இலையைப் பார்த்தவுடன் வெற்றிலை நினைவுக்கு வரும். அதே இதய வடிவம், அதே கூர்நுனி, அடியிலிருந்து விரியும் நரம்புகள். இது தற்செயல் ஒற்றுமை என்று நினைத்துவிட வேண்டாம். மிளகும் வெற்றிலையும் அடங்கிய தாவர வரிசையில்தான் இதன் குடும்பமும் வருகிறது. ஒரு வகையில் பங்காளிகள். கார்டேட்டா என்றாலும் இதய வடிவம் என்றுதான் பொருள்.

சொந்த ஊர் கிழக்காசியாவும் தென்கிழக்காசியாவும். ஜப்பான், கொரியா, சீனா தொடங்கி இமயமலைப் பக்கம் வரை ஈரமான காட்டோரங்களிலும் ஓடைக்கரைகளிலும் தானாக வளர்கிறது. லின்னேயஸின் மாணவரான ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் துன்பெர்க் 1770களில் ஜப்பானில் தங்கித் தாவரங்களைச் சேகரித்தார். இந்தச் செடியை 1783ல் விவரித்து, டச்சு இயற்கையியலாளர் ஹவுட்டைனின் பெயரை அதற்கு வைத்தவர் அவர்தான். காட்டில் இருப்பது வெறும் பச்சை இலைச் செடி. வண்ணம் நம் தோட்டங்களுக்காகப் பிரித்தெடுத்த ரகத்தில் மட்டும்தான்.

உயரம் அதிகமில்லை. முழங்காலுக்குக் கீழே, சுமார் 20 முதல் 45 சென்டிமீட்டர். கோடையில் நான்கு வெண்ணிற இதழ்களோடு பூப்பது போலத் தெரியும். அவை இதழ்களே இல்லை, பூவடிச் செதில்கள். நிஜப் பூக்கள் நடுவில் குட்டிக் கதிர் போல நிற்கும் மஞ்சள் பகுதியில் நெருக்கமாக அடுக்கியிருக்கும். செதில்கள் பல அடுக்காக இருக்கும் 'ஃபுளோர் ப்ளேனோ' என்ற ரகமும் உண்டு. பூவுக்காக வளர்ப்பதானால் அதைத் தேடலாம். எனக்கு இலைதான் முக்கியம்.

அப்புறம் வாசனை. இலையைக் கசக்கினால் ஒரு நெடி வரும். ஆரஞ்சுத் தோல் போல என்று சிலர் சொல்வார்கள், மீன் கவிச்சி என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சீன மொழியில் இதற்குப் பெயரே மீன் வாடைப் புல். தொடாத வரை மணக்காது என்பதால் பெரிய தொந்தரவில்லை. ஆனால் நடைபாதையை ஒட்டி வைத்தால் கால் படும்போதெல்லாம் எழும்பும். களை எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள். நெடி விரலில் ஒட்டினால் சோப்புக்கும் சட்டென்று போகாது.

மண்ணுக்கு மேலே தெரிவதைவிடக் கீழே இருப்பதுதான் இந்தச் செடியைப் புரிய வைக்கும். ஒரு கொத்தை மெதுவாகத் தோண்டி, தண்ணீரில் அலசிப் பாருங்கள். பென்சிலைவிட மெல்லிய வெள்ளைத் தண்டுகள் நூடுல்ஸ் போலப் பின்னிக் கிடக்கும். இவை வேரில்லை, மண்ணுக்குள் படுத்தபடி ஓடும் தண்டுகள். சில சென்டிமீட்டருக்கு ஒரு கணு இருக்கும். கணுவுக்குக் கணு மெல்லிய வேர்க்கற்றையும் ஓர் உறங்கும் மொட்டும் இருக்கும். லேசாக வளைத்தால் போதும், 'டக்'கென்று ஒடியும். ஒடிந்த துண்டில் ஒரே ஒரு கணு இருந்தாலும் அது தனிச் செடி. பிடுங்கப் பிடுங்கப் பெருகுவது ஏன் என்று இப்போது புரிகிறதா?

வாங்கும்போது

ஒரு தொட்டி போதும். அடுத்த ஆண்டு பத்து தொட்டிக்குக் காணும் அளவு பெருகிவிடும். பெயர்ச்சீட்டை நம்பாமல் இலையைப் பார்த்து வாங்குங்கள். மூன்று நிறமும் தெளிவாகத் தெரியும் தண்டுகள் அதிகம் உள்ள தொட்டியை எடுங்கள். அதே தொட்டியில் முழுப்பச்சைத் தண்டு இரண்டு மூன்று எட்டிப் பார்த்தால் வேண்டாம், அது ஏற்கெனவே பச்சைக்குத் திரும்பத் தொடங்கிய செடி. தொட்டியைத் தூக்கி அடித்துளைகளையும் பாருங்கள். வெள்ளைத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் செடிக்குக் கேடில்லை, நல்ல வீரியம் என்றுதான் அர்த்தம். வீட்டுக்குக் கொண்டுவந்து மண் தரையில் வைத்து மறந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

இன்னொன்று: பல நாடுகளில் இது கட்டுக்கடங்காமல் பரவும் செடி என்று பெயர் வாங்கியிருக்கிறது. உங்கள் பகுதியில் வளர்க்கத் தடையிருக்கிறதா என்று வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். உங்கள் தோட்டம் ஓடைக்கோ சதுப்பு நிலத்துக்கோ நேராகத் திறந்திருந்தால், என் அபிப்பிராயம், இந்தச் செடியே வேண்டாம். தண்ணீரில் அடித்துச் செல்லும் ஒரு துண்டு எங்கே போய் முளைக்கும் என்று யாரும் சொல்ல முடியாது.

இடம் பார்ப்பது

ஈரத்தையும் வெயிலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வெயில் அதிகமானால் நிறம் ஏறும், நிழல் அதிகமானால் சிவப்பு வடிந்து பச்சையும் மங்கலான மஞ்சளும்தான் மிஞ்சும். குளிர்ந்த பகுதியில் நாள் முழுக்க வெயில் பட்டாலும் நன்றாக இருக்கும். கோடை கடுமையான பகுதியில் காலை வெயிலும் மதியத்துக்குமேல் நிழலும் கிடைக்கும் இடம்தான் சரி. உச்சி வெயில் நேராக விழுந்தால், முதலில் கருகுவது இலையின் வெண்மஞ்சள் பகுதிதான். அங்கே பச்சையம் குறைவு, தாங்கும் சக்தியும் குறைவு.

ஈரத்தைச் சோதிக்க எளிய வழி: ஒரு அடி ஆழத்துக்கு, அதாவது 30 சென்டிமீட்டர், குழி தோண்டித் தண்ணீர் நிரப்புங்கள். மறுநாளும் தண்ணீர் தேங்கியிருந்தால் அது நல்ல ஈர நிலம், இந்தச் செடிக்குக் கொண்டாட்டம். அரை நாளில் வடிந்தாலும் பரவாயில்லை, மூடாக்குப் போட்டுச் சமாளிக்கலாம். கண்ணெதிரே உறிஞ்சிக்கொள்ளும் மணல் மண் என்றால் தரையில் நட வேண்டாம், தொட்டிதான் வழி. ஆழமில்லாத நீரிலும் வளரும். வேர்ப்பகுதிக்கு மேல் 5 சென்டிமீட்டர் வரை தண்ணீர் நின்றால் கவலையில்லை.

வேலி: முதலில் இதுதான்

நான் பார்த்தவரையில் மூன்று வழி இருக்கிறது.

முதல் வழி, என் முதல் தேர்வும் அதுதான், துளையே இல்லாத டப். மற்ற எந்தச் செடிக்கும் அடியில் துளை போடாவிட்டால் வேர் அழுகிவிடும் என்று பயப்படுவோம். இந்தச் செடிக்கு அந்தப் பயமே இல்லை. துளை இல்லாத டப்பில் ஈரமும் வெளியே போகாது, தண்டும் வெளியே போகாது. ஒரே பாத்திரம் வேலியாகவும் குளமாகவும் ஆகிவிடுகிறது. குறைந்தது 30 சென்டிமீட்டர் ஆழமும் 40 சென்டிமீட்டர் அகலமும் உள்ள கெட்டியான டப்பாகப் பாருங்கள். தரைக்கு மேலேயே வைக்கலாம். தரையோடு சேர்ந்து தெரிய வேண்டுமானால் புதைக்கலாம், ஆனால் விளிம்பு மண்மட்டத்துக்கு மேல் 5 சென்டிமீட்டர் கட்டாயம் தெரிய வேண்டும். மண்ணை டப்பின் விளிம்பிலிருந்து 5 சென்டிமீட்டர் கீழே நிறுத்திக்கொள்ளுங்கள். எவ்வளவு மழை பெய்தாலும் மண்ணுக்கு மேல் அதற்குமேல் தண்ணீர் நிற்காது, வழிந்துவிடும். அந்த அளவைச் செடி தாங்கும் என்று ஏற்கெனவே சொன்னேன். மண்ணின்மேல் 3 சென்டிமீட்டர் கனத்துக்குச் சிறு ஜல்லி பரப்புங்கள், அதில் மண்ணும் கலங்காது. ஜல்லிக்கு மேலும் தண்ணீர் நாள்கணக்கில் நின்றால் கொசு முட்டையிடும் என்பதால் ஒரு குவளையால் மொண்டு கொட்டிவிடுங்கள்.

இரண்டாவது வழி, நிலத்தில் தடுப்புத் தாள் இறக்குவது. பெரிய பரப்பில் படரவிட ஆசைப்படுபவர்களுக்கு இது. செடிக்கு ஒதுக்கும் இடத்தைச் சுற்றி 60 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அகழி வெட்டி, வேர்த் தடுப்புக்கென்று விற்கும் கெட்டியான பிளாஸ்டிக் தாளை நிறுத்த வேண்டும். இரண்டு முனையும் சேருமிடத்தில் ஒரு சாண் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கட்டும், இடைவெளி இல்லாமல் ஒட்டி இறுக்குங்கள். இங்கேயும் மேல் விளிம்பு 5 சென்டிமீட்டர் வெளியே தெரிய வேண்டும். அந்த விளிம்பு அழகாக இல்லை என்று மண் போட்டு மூடுபவர்கள் உண்டு. மூடிய இடத்தில்தான் தண்டு ஏறிக் குதிக்கும்.

மூன்றாவது, துளையுள்ள சாதாரணத் தொட்டியைப் புதைப்பது. இது அரைகுறை வேலி. அடித்துளை வழியாகத் தண்டு நழுவும். ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை வெளியே எடுத்து, துளையில் நீட்டியிருப்பதை வெட்டிவிட முடியும் என்ற உறுதி இருந்தால் செய்யுங்கள்.

நடும் முறை

பனி விழும் பகுதிகளில் கடைசிப் பனி முடிந்த வசந்த காலம் நல்லது. வெப்பமான பகுதியில் மழை தொடங்கும் சமயம்.

மண் கலவையைப் பற்றி ரொம்ப யோசிக்க வேண்டாம். தோட்ட மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய இலை உரம் ஒரு பங்கு. களிமண்ணாக இருந்தால் இன்னும் நல்லது, ஈரம் பிடித்து வைக்கும். குளத்தின் விளிம்பில் கூடையோடு இறக்குவதானால் மக்கு சேர்க்காதீர்கள். அது மிதந்து தண்ணீரைக் கெடுக்கும், வெறும் களிமண்ணே போதும்.

வாங்கிய செடியை நடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே தொட்டியோடு தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள். பிறகு தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி மண்கட்டியை வெளியே எடுத்து, சுற்றிச் சுற்றி வளர்ந்த தண்டுகளை லேசாகப் பிரித்துவிடுங்கள். நாலைந்து ஒடியும். ஒடிந்த துண்டுகளைக் கீழே போடாமல் ஒரு வாளியில் சேருங்கள், இந்தப் பழக்கம் முதல் நாளிலிருந்தே வரவேண்டும். முன்பு எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழத்தில் வைத்து, விரலால் மண்ணை அழுத்தி, பூவாளியால் மண் கூழாகும் வரை நீர் ஊற்றுங்கள். ஒன்றுக்கு மேல் நட்டால் 30 சென்டிமீட்டர் இடைவெளி. முதல் மாதம் வெற்றிடமாகத் தெரியும். நெருக்கி நட்டுவிடலாமா என்று கை துறுதுறுக்கும், வேண்டாம். ஒரே பருவத்தில் தானே மூடிவிடும்.

தண்ணீரும் உரமும்

மண்ணின் மேற்பரப்பு காயவிடக்கூடாது, அவ்வளவுதான் விதி. தண்ணீர் குறைந்தால் இந்தச் செடி உடனே காட்டிக்கொடுக்கும். இலை விளிம்பு பழுப்பாகிக் காகிதம் போல மொரமொரக்கும். ஒருமுறை அப்படி ஆன இலை திரும்பாது, கிள்ளிவிட வேண்டியதுதான். தரையில் நட்டிருந்தால் 5 சென்டிமீட்டர் கனத்துக்கு இலைச் சருகு மூடாக்குப் போடுங்கள்.

உரத்தில் கஞ்சத்தனம் நல்லது. வசந்தத்தில் ஒரு கைப்பிடி மக்கிய உரம் தூவினால் ஆண்டுக்குப் போதும். தழைச்சத்து அதிகமுள்ள ரசாயன உரம் போட்டால் இலை பெரிதாகும், பச்சையாகும், தண்டு வேலியைத் தாண்டப் பார்க்கும். நமக்கு மூன்றுமே வேண்டாம். கோடை நடுவில் செடி உயர்ந்து அடி வெளுத்துச் சாய்ந்தால், கத்தரியை எடுத்து ஒரு சாண் உயரத்துக்கு வெட்டிவிடுங்கள். மூன்று நான்கு வாரத்தில் வரும் புதுத் துளிரில் நிறம் பளிச்சென்று இருக்கும்.

பச்சைக்குத் திரும்பும் தண்டுகள்

இரண்டாம் ஆண்டிலோ மூன்றாம் ஆண்டிலோ ஒருநாள் கவனிப்பீர்கள்: கூட்டத்துக்கு நடுவே ஒரு தண்டு மட்டும் முழுப்பச்சையாக, மற்றவற்றைவிட ஒரு விரல்கடை உயரமாக நிற்கும். இலையில் வண்ணத் திட்டு வருவதே அந்த இடத்துத் திசுவில் பச்சையம் குறைந்திருப்பதால்தான். ஏதோ ஒரு மொட்டிலிருந்து பழைய முழுப்பச்சைத் தண்டு கிளம்பிவிட்டால், அதற்கு வெயிலிலிருந்து கிடைக்கும் உணவு அதிகம். வேகமாக வளர்ந்து வண்ணத் தண்டுகளை நெருக்கித் தள்ளிவிடும். இரண்டு பருவம் கண்டுகொள்ளாமல் விட்டால் பச்சோந்தி நிறம் மாறி வெறும் பச்சையாகவே தங்கிவிடும்.

பார்த்தவுடன் நீக்குங்கள். மேலே கிள்ளினால் பிரயோசனமில்லை. விரலைத் தண்டோடு சேர்த்து மண்ணுக்குள் விட்டு, அது எந்தப் படுத்த தண்டிலிருந்து கிளம்புகிறதோ அந்தத் துண்டையும் சேர்த்து எடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஒதுக்கினால் போதும்.

குளிர்காலமும் அதன்பின் பொறுமையும்

உறைபனி விழும் இடத்தில் ஒரே இரவில் செடி கறுத்துப் படுத்துவிடும். காய்ந்ததை வெட்டி எடுத்துவிட்டு, மேலே கொஞ்சம் சருகு போட்டு மூடுங்கள். தரைக்கு மேல் வைத்த டப் நான்கு பக்கமும் குளிர் வாங்கும், அதைச் சுவரோரமாக நகர்த்துவது நல்லது. பனியில்லாத ஊர்களில் இலை முழுக்க உதிராது, வளர்ச்சி மட்டும் மந்தமாகும்.

வசந்தத்தில் மற்றச் செடியெல்லாம் துளிர்த்த பிறகும் இது எழும்பாது. தாமதமாகத்தான் வரும். செத்துவிட்டது என்று முடிவுகட்டி அந்த இடத்தில் வேறு எதையாவது நட்டுவிடுவது எல்லோரும் செய்யும் தவறு, நானும் செய்தேன். ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்துக்கொண்டு காத்திருங்கள். முதலில் வருவது கருஞ்சிவப்பு மூக்கு போன்ற சின்ன முளை.

பெருக்குவதும் பூச்சியும்

பெருக்குவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. டப்பில் இருக்கும் செடியை இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வசந்தத்தில் வெளியே எடுத்து, கேக் போல நான்காக வெட்டி, ஒரு கால்பங்கைப் புதுமண்ணில் திரும்ப வைத்தால் போதும். மிச்சத்தில் நல்ல நிறமுள்ள தண்டுகளோடு இணைந்த பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். விதையிலிருந்து வருபவற்றில் அந்த வண்ணத்தை எதிர்பார்க்க முடியாது. யாருக்காவது கொடுப்பதானால் வேலியைப் பற்றியும் சொல்லிக் கொடுங்கள், இல்லையென்றால் நட்பு கெடும்.

பூச்சி, நோய் அநேகமாக இல்லை. இளந்துளிரை நத்தைகள் கடிக்கும், இரவில் டார்ச் அடித்துப் பொறுக்கினால் தீர்ந்தது.

வேண்டாம் என்றால் எப்படி ஒழிப்பது

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், வேலி இல்லாமல் நான் நட்ட முதல் செடியால் பட்ட பாடு. மூன்றடி நீளப் படுகையின் ஓரத்தில் வைத்தேன். இரண்டே பருவத்தில் படுகை நிறைந்தது. ஆத்திரத்தில் மண்வெட்டியால் கொத்தித் தள்ளினேன். அது செய்யவே கூடாத காரியம். ஒவ்வொரு வெட்டும் ஒரு தண்டை இரண்டாக்கியது. அடுத்த மழைக்கு முன்பைவிட அடர்த்தியாக வந்தது.

சரியான முறை வேறு. முதல் நாள் மண்ணை நன்றாக நனையுங்கள். மறுநாள் முள்மண்வெட்டியால் ஓரத்திலிருந்து தொடங்கி மண்ணைக் கட்டியாகத் தூக்கி, கையால் உடைத்து, வெள்ளைத் தண்டுகளை நீள நீளமாக உருவுங்கள். உதிர்ந்த மண்ணைச் சல்லடையில் சலித்துத் திரும்பப் போடுங்கள். எடுத்ததை எருக்குழியில் போட வேண்டாம், அங்கேயும் முளைக்கும். கறுப்புப் பிளாஸ்டிக் பையில் கட்டி, வெயிலில் சில வாரம் வேகவிட்டு, முழுக்கக் கறுத்துக் குழைந்த பிறகு அப்புறப்படுத்துங்கள். ஓடையிலோ காலி மனையிலோ கொட்டவே கூடாது. தோண்டிய இடத்தை ஒளி புகாத கெட்டித் தாளால் ஒரு முழு வளர்பருவம் மூடி வையுங்கள். தாளின் ஓரம் படுகையைத் தாண்டி அரை மீட்டராவது நீண்டிருக்கட்டும், ஓரத்தில்தான் தலைநீட்டும். களைக்கொல்லி அடிக்கலாமா என்று கேட்பார்கள். இந்தச் செடி இருப்பதே தண்ணீர்ப் பக்கம் என்பதால் நான் அடிக்கவில்லை.

தாளை எடுத்த பின்னும் இரண்டு ஆண்டுக்கு மாதம் ஒருமுறை போய்ப் பாருங்கள். படுகையை மட்டும் பார்த்தால் போதாது, சுற்றியுள்ள பாதை, சுவரடி, கல்லிடுக்கு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். எனக்கு மூன்றாவது வசந்தத்தில் படுகை சுத்தமாக இருந்தது. இரண்டடி தள்ளி, நடைபாதைச் செங்கல்களின் இடுக்கில், நகம் அளவுக்குச் சிவந்த ஓர் இலை. கிள்ளி முகர்ந்து பார்த்தேன். அதே வாடை.